பதினொரு வரிசை ஏழானது: பருப்புக் கடை வேலைப்பட்டியலைக் கைப்பேசிக்கு மாற்றிய பதிவு

ஒரு வேலை முடிந்துவிட்டது என்று செயலியில் குறிக்க முன்பு ஐந்து தட்டு தட்ட வேண்டும்: மெனு, பட்டியல், வரிசை, திருத்து, சேமி. இப்போது ஒரே தட்டு. குடோனில் இருப்பவர்கள் யாரும் சொல்லாமலே குறிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "அந்த லாரி போச்சா இல்லையா" என்று வைபரில் வரும் குரல் செய்திகள் ஏறக்குறைய நின்றுவிட்டன. சூடு ஆறுவதற்குள் செய்ததை எழுதி வைக்கிறேன். பர்மிய எழுத்தும் தமிழும் ஒரே திரையில் ஓடும் செயலி செய்கிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். இருக்கிறவர்களுக்கு இது பயன்படும்.

இடம் ரங்கூன், பயின்னவுங் மொத்தச் சந்தை. மாமாவின் பருப்புக் கடை. உளுந்து, துவரை, பாசிப்பயறு. சரக்கில் பெரும்பகுதி இந்தியாவுக்குக் கப்பலேறுவது. எடை போடுவது, மூட்டை தைப்பது, லாரி ஏற்றுவது, துறைமுகக் காகிதம் வாங்குவது என்று நாளுக்கு முப்பது நாற்பது சின்ன வேலைகள். இவற்றுக்கு ஒரு செயலியை நான் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். உலாவியில் திறந்து ஃபோனில் பதித்துக்கொள்ளும் வகை. மடிக்கணினியில் உட்கார்ந்து எழுதியதால் அது மடிக்கணினியின் பிள்ளையாகவே இருந்தது: வேலை, யார், எப்போது, நிலை, குறிப்பு என்று ஐந்து பத்தி அட்டவணை, இடது ஓரத்தில் மெனு. கணக்கு பார்க்கும் அக்காவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். குடோனில் ஒருவருக்கும் பிடிக்காது.

வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் படிப்பதும் எழுதுவதும் பர்மியத்தில்தான். கோயில் வகுப்பில் தமிழ் எழுத்துக் கற்றவர்கள் ஓரிருவர். அதனால் பட்டியலில் வேலைப் பெயர்கள் பெரும்பாலும் பர்மியம், இடையிடையே எஃப்ஏக்யூ, எஸ்க்யூ என்ற உளுந்துத் தரக் குறிகள், அங்கங்கே மாமா தட்டிய தமிழ் வரி. இந்தக் கலப்படம்தான் பின்னால் வந்த பாதித் தொல்லைக்குக் காரணம்.

முதல் வேலையாக ஒரு பழைய ஆண்ட்ராய்டு ஃபோன் வாங்கினேன். ஒன்றரை லட்சம் கியாட். இந்த மாற்றத்துக்குக் கையிலிருந்து போன பெரிய செலவு அதுதான். கணினித் திரையில் ஃபோன் அளவுக்குச் சட்டம் போட்டுப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. அதில் சுட்டியின் முனை ஒரு புள்ளி, விரலோ அப்படியில்லை. 720க்கு 1600 புள்ளிகள் கொண்ட திரை. உலாவிக் கணக்கில் 360க்கு 800. கடையில் பலரிடம் இருப்பது இந்த அளவுதான். கூடவே ஒரு யுஎஸ்பி கேபிள், ஒரு இரும்பு ஸ்கேல். கேபிளைச் செருகினால் ஃபோனில் ஓடும் பக்கத்தைக் கணினியிலிருந்தே பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். ஸ்கேல் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த ஃபோனை ஒரு காலை முழுக்கக் குடோனில் கொடுத்து வைத்தேன். காணொளியெல்லாம் பதிவு செய்யவில்லை. மூட்டை தைக்கிற இடத்தில் எல்லார் விரலிலும் பருப்புத் தூசி ஒட்டியிருக்கும். மதியம் ஃபோனை வாங்கி வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால், கண்ணாடியில் எங்கெங்கே விரல் பட்டது என்று அப்படியே தெரிந்தது. கீழ் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாகப் பூத்திருந்தது. நடுவில் மேலும் கீழும் இழுத்த கோடுகள். மேல் இடது மூலை, அதாவது நான் மெனுவை வைத்திருந்த இடம், துடைத்து வைத்தது போல் சுத்தம். காரணமும் வெளிப்படை: ஒரு கையில் சீட்டு அல்லது கொக்கி, மறு கையில் ஃபோன், தொடுவது கட்டைவிரல் மட்டும். கட்டைவிரல் எட்டாத மூலையில் மெனு இருந்தால் அது இல்லாத மெனுதான்.

முதலில் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் ஒரு அட்டையாக மாற்றினேன். ஐந்து பத்தியும் அட்டைக்குள் ஐந்து வரியாக வந்து நின்றன. எல்லாரும் செய்வதுதான், பார்க்கவும் நன்றாக இருந்தது. ஆனால் ஒரு திரைக்கு மூன்று அட்டை. லாரி ஏற்றும் பெரியவர் கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு, "தம்பி, முன்னாடி பொடியா இருந்தாலும் எல்லாம் ஒரே பார்வைல தெரிஞ்சுது. இப்ப மூணு வேலைக்கு ஒரு முழம் இழுக்க வேண்டியிருக்கு" என்றார். அட்டைகளைக் கலைத்தேன்.

உலாவிக் கணக்கில் பழைய வரிசையின் உயரம் 52. திரையின் 800இல் மேலே மணி காட்டும் பட்டை 24, தலைப்பு 56, கீழே ஆண்ட்ராய்டின் மூன்று பொத்தான்களுக்கு 48, நான் புதிதாக வைக்க நினைத்த கீழ்ப்பட்டைக்கு 56. மிச்சம் 616. 52ஆல் வகுத்தால் பதினொரு வரிசை நிற்கும். அந்தப் பதினொன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று கொஞ்ச காலம் பிடிவாதமாக இருந்தேன். பர்மிய எழுத்து விடவில்லை.

தமிழில் எழுத்து பெரும்பாலும் பக்கவாட்டில் வளரும். கொம்பும் காலும் இடமும் வலமும் வரும். மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரத்தின் வால், அவ்வளவுதான். பர்மியத்தில் மெய்க்குக் கீழே இன்னொரு மெய் தொங்கும், அதற்கும் கீழே உயிர்க்குறி வரலாம், தலைக்கு மேலே வேறு வட்டம். பாலி மொழியிலிருந்து வந்த சொற்களில் இது அடிக்கடி. நான் வைத்திருந்த வரி உயரம் எழுத்தின் அளவுக்கு 1.4 மடங்கு. தமிழுக்கு அது போதுமானது. பர்மியத்தில் கீழ் எழுத்தின் அடி வெட்டுப்பட்டு, வேறு எழுத்துப் போலத் தெரிந்தது. 1.6 வைத்தேன், ஒற்றை வரியில் சரி, இரண்டாம் வரி வந்தால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் தலையும் முட்டின. 1.8இல்தான் சண்டை ஓய்ந்தது. எழுத்தளவு 16, வரி உயரம் 1.8 என்றால் ஒரு வரிக்கு 28.8. வேலைப் பெயருக்கு இரண்டு வரி, மேலும் கீழும் இடைவெளி, மொத்தம் 88. 616ஐ 88ஆல் வகுத்தால் ஏழு.

ஏழுதான் இடம் என்று ஆனதும் எது மேலே வரவேண்டும் என்ற கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. பதினொன்று காட்டியபோது உள்ளிட்ட வரிசையிலேயே விட்டிருந்தேன், தேவையானது எங்காவது கண்ணில் படும் என்று. இப்போது முதல் ஏழு அவரவர் வேலையாக, இன்றைக்கானதாக, லாரி காத்து நிற்பது முதலாவதாக இருக்க வேண்டும். மற்றவர் வேலை, நாளைய வேலை எல்லாம் அடுத்த தாவலுக்கு (டேப்) போயின. குறிப்புப் பத்தியை வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன், தட்டினால் திறக்கும். நிலைப் பத்தி வெறும் வட்டமாகச் சுருங்கியது. இந்தப் புதுப்பிப்பில் உருப்படியாக நடந்தது இந்த வடிகட்டல்தான். அதைச் செய்யவைத்தது என் வடிவமைப்பு ஞானம் என்று சொல்ல மாட்டேன், அந்த 1.8தான்.

ஒரு எச்சரிக்கை. வரிசைக்குக் கட்டான உயரம் வைத்து, மீறுவதை மறை என்று எழுதியிருந்தால் பர்மிய எழுத்து நிச்சயம் வெட்டுப்படும். உயரத்தைக் குறைந்தபட்சமாக மட்டும் கொடுங்கள். பர்மியத்தில் சொற்களுக்கு இடையே தமிழ் போல இடைவெளி விடுவதில்லை. வரியை எங்கே உடைப்பது என்று உலாவி தன் அகராதியைப் பார்த்து முடிவு செய்கிறது. அது தடுமாறிய சில நீளமான வேலைப் பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத, அகலமே இல்லாத இடைவெளியை நானே செருகினேன்.

'யார்' என்பதைக் காட்ட, உலகமெங்கும் செய்வது போல், பெயரின் முதல் எழுத்தை ஒரு வண்ண வட்டத்துக்குள் போட்டேன். திறந்து பார்த்தால் ஆண்களில் பெரும்பாலோருக்கு ஒரே எழுத்து. இங்கே கூப்பிடும் பெயருக்கு முன்னால் கோ, மா, ஊ, டோ என்று மரியாதைச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும், பட்டியலில் பதிவதும் அப்படித்தான். பர்மியப் பெயர் வைத்துக்கொண்ட நம் தமிழ்ப் பையன்களும் 'கோ'தான். அதிலும் பர்மியத்தில் 'கோ' என்பது கணினிக்குள் மூன்று குறியெண்கள் சேர்ந்தது. முதல் ஒன்றை மட்டும் பிடுங்கியதால் உயிர்க்குறி இல்லாத மொட்டை மெய் வட்டத்தில் உட்கார்ந்திருந்தது. வட்டத்தைத் தூக்கிவிட்டு, வேலைப் பெயருக்கு அடியில் கூப்பிடும் பெயரை முழுதாகப் போட்டேன். வேலைப் பெயர் இரண்டு வரி எடுத்துக்கொள்ளும்போது பெயர் வலப்பக்கம் ஒதுங்கும்.

பழைய பதிவுகளில் சௌஜி புகுந்திருந்தது. வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி: பர்மாவில் யூனிகோடின் அதே எண்வெளியில் வேறு முறையில் எழுத்தை அடுக்கும் சௌஜி எழுத்துரு நெடுங்காலம் கோலோச்சியது. 2019 அக்டோபர் 1 அன்றுதான் நாடு முறைப்படி யூனிகோடுக்கு மாறியது. யூனிகோடுக்கு முன் தமிழுக்கு இருந்த திஸ்கி குறியாக்கத்தின் காலத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். 'கெ' என்பதில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும் யூனிகோடு அதைக் ககரத்துக்குப் பின்னால் சேமிக்கிறது. திஸ்கி கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே வைக்கும். பர்மியத்திலும் அதே கதை. பழைய ஃபோனில் தட்டிய வேலை புது ஃபோனில் குப்பையாகத் தெரியும், தேடினால் அகப்படாது.

காட்டுவதற்கு நோட்டோ சான்ஸ் மியான்மர் எழுத்துருவைச் செயலியோடு சேர்த்து அனுப்பினேன். ஃபோனின் எழுத்துரு எதுவானாலும் யூனிகோடு வரி சரியாகத் தெரியும். உள்ளே வருவதைப் பிரிக்க கூகிள் வெளியிட்ட மியான்மர் டூல்ஸ் நிரல் உண்டு. ஒரு வரியைக் கொடுத்தால் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு மதிப்பெண் தரும். ஒன்றை நெருங்கினால் சௌஜி. நீளமான வரிகளில் தயங்காமல் சொல்கிறது. ஆட்களின் பெயர், ஊர்ப் பெயர் போன்ற குட்டிச் சொற்களில் நடுவில் நின்று முழிக்கிறது. அவற்றைத் தனியாகப் பிரித்து அக்காவும் நானும் உட்கார்ந்து கண்ணால் பார்த்துத் திருத்தினோம். அதற்குக் குறுக்கு வழி கிடைக்கவில்லை.

இனி ஸ்கேல். தொடும் இடம் குறைந்தது 48 அலகு இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் வழிகாட்டுதல். ஆப்பிள் 44 என்கிறது. 2023இல் வந்த இணையப் பக்கம் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான அணுகல் நெறி (WCAG) 2.2இன் குறைந்தபட்சமோ 24தான். அதை வைத்து மூட்டை சுமக்கிறவர் விரலுக்குப் பொத்தான் செய்ய முடியாது. ஆண்ட்ராய்டில் ஓர் அங்குலத்துக்கு 160 அலகு என்று கணக்கு, ஆகவே 48 என்பது 7.6 மில்லிமீட்டர். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய அவ்வளவே வந்தது. பெரியவரின் கட்டைவிரல் கண்ணாடியில் அழுந்தும் அகலத்தை அளந்தால் 14 மில்லிமீட்டர். முடிந்தது என்று குறிக்கும் வட்டத்தின் தொடுபரப்பை அகலத்தில் 56ஆகவும் உயரத்தில் வரிசை முழுவதுமாகவும் வைத்தேன். 56 என்றால் 8.9 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியும் வட்டம் சிறியதுதான், 28. அதைச் சுற்றியுள்ள வெற்றிடமும் தொடுவதை ஏற்றுக்கொள்ளும். வட்டம் வலது ஓரத்தில். 'புது வேலை' பொத்தான் கீழ்ப்பட்டையின் நடுவில். இன்று, நாளை, முடிந்தவை என மூன்றே தாவல்கள். 'நிலுவையிலுள்ளவை' என்ற பழைய தமிழ்த் தலைப்பு எந்தப் பட்டைக்குள்ளும் அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது, அதற்கு விடைகொடுத்தாயிற்று.

வரிசையைப் பக்கவாட்டில் தள்ளினால் வேலை முடிந்ததாகக் குறிக்கும் வசதியையும் செய்து பார்த்தேன். என் கையில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கடையில் புதிய ஃபோன் வைத்திருந்த பையன்கள் தள்ளியபோது செயலியே மூடிக்கொண்டது. ஆண்ட்ராய்டு 10 முதல், கீழே மூன்று பொத்தான்களுக்குப் பதில் சைகை முறை வைத்த ஃபோன்களில், திரையின் இரு ஓரங்களிலிருந்தும் உள்ளே இழுத்தால் 'பின்னே போ' என்று பொருள். விளிம்பை ஒட்டித் தொடங்கும் தள்ளலைச் செயலிக்கு முன் ஃபோனே எடுத்துக்கொள்கிறது. வேர்வை விரலில் பாதித் தள்ளல் உருட்டலாகவும் மாறிவிடுகிறது. தள்ளுவதை முழுக்க நீக்கினேன்.

பதிலாகத் தட்டியதும் வேலை முடிந்ததாகக் குறிக்கப்பட்டு, கீழே எட்டு நொடிக்கு 'திரும்ப எடு' என்ற பட்டை நிற்கும். "நிச்சயமா?" என்று கேட்கும் பெட்டியை ஒழித்தாயிற்று. யாரும் படிக்காமல் ஆமாம் போடும் கேள்வி அது. எட்டு நொடி என்பது சோதித்துக் கிடைத்த எண். நான்கு வைத்தபோது ஃபோனை மேலே தூக்கிப் பார்ப்பதற்குள் பட்டை போய்விட்டது.

விசைப்பலகை ஒரு தனிப் பாடு. புது வேலை எழுதும் படிவத்தில் 'சேமி' பொத்தான் அடியில் ஒட்டியிருந்தது. குரோம் உலாவியின் 108ஆம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டில் விசைப்பலகை எழும்போது பக்கத்தின் உயரம் குறைவதில்லை, பொத்தான் விசைப்பலகைக்கு அடியில் போய்விடும். பழைய பதிப்பு இருந்த ஃபோனிலோ அது விசைப்பலகையின் தோளில் ஏறி எழுதும் கட்டத்தை மறைத்தது. பக்கத்தின் தலைக்குறிப்பில் ஒரு சொல் சேர்த்துப் பழைய நடத்தையைக் கொண்டுவரலாம். அதைவிட, பொத்தானைக் கட்டத்துக்கு நேர் கீழே வைத்து, எழுதும்போது கீழ்ப்பட்டையை மறைப்பது எல்லா ஃபோனிலும் ஒரே மாதிரி நின்றது. மூட்டை எண்ணிக்கைக் கட்டத்துக்கு எண் விசைப்பலகை வரவழைத்தேன். அப்படியும் சிலர் வேலைப் பெயருக்குள்ளேயே பர்மிய எண்ணில் எழுதுவார்கள், அதை மாற்றிக் கூட்டவும் ஒரு வரி நிரல் வேண்டியிருந்தது. மாமாவிடம் மட்டும் ஐஃபோன். அதில் எழுதும் கட்டத்தின் எழுத்து 16க்குக் குறைந்தால் தொட்டவுடன் பக்கம் தானே பெரிதாகிவிடும். 16 ஆக்கியதும் நின்றது.

வெயிலில் லாரிக்குப் பக்கத்தில் நின்று படிக்க முடியவில்லை என்று புகார். ஆள் பெயருக்கு நான் போட்டிருந்த சாம்பல் நிறத்தின் குறியீடு 999999. வெள்ளைப் பின்னணியோடு அதன் வேறுபாட்டு விகிதம் 2.85தான். அணுகல் நெறி கேட்பது 4.5. அதை ஒட்டிக் கடக்க 767676 போதும், 4.54 வரும். கூரைக்கு அடியில் அது சரி, வெயிலில் அதுவும் போதவில்லை. 333333க்குப் போனேன். சாம்பலும் இல்லை கறுப்பும் இல்லை, ஆனால் படிக்க முடிகிறது. மின்சாரம் போகும் ஊரில் பேட்டரி மிச்சமாகும் என்று ஒரு கறுப்புத் திரை வடிவமும் செய்து வைத்தேன். இந்த விலை ஃபோன்களில் இருப்பது எல்சிடி திரை. பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டேதான் இருக்கும், கறுப்பு காட்டினால் மிச்சம் ஒன்றுமில்லை. எடுத்துவிட்டேன்.

மின்வெட்டில் வைஃபை போய், ஃபோன் இணையமும் தள்ளாடும்போது பழைய செயலி சுழல் வட்டத்தைக் காட்டிக்கொண்டே நிற்கும். இப்போது பட்டியல் ஃபோனிலேயே சேமித்திருக்கிறது, தட்டியதும் குறி விழும், சர்வருக்குப் போகாதவற்றின் ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளி நிற்கும். இருவர் இணையம் இல்லாமல் ஒரே வேலையைத் தொட்டால் கடைசியில் வந்து சேர்ந்தவர் சொன்னது நிலைத்து, முதலில் வந்தவர் குறித்தது காணாமல் போனது. 'நிலை முடிந்தது' என்று வைக்காமல், 'இன்னார் இந்த நேரத்தில் முடித்தார்' என்று நிகழ்வாகச் சேமித்த பிறகுதான் அது தீர்ந்தது. முதல் முறை திறக்க 1.4 எம்பி இறங்கிக்கொண்டிருந்தது. எழுத்துருவில் ஒரே ஒரு தடிமனை மட்டும் வைத்து, தமிழையும் பர்மியத்தையும் தனித்தனிக் கோப்பாக்கி, யாரும் பார்க்காத படங்களைக் கழித்ததில் 300 கேபிக்குள் வந்தது.

எதிர்பாராத ஒன்று, நேரம். விடியற்காலை ஐந்து மணிக்கு லாரி ஏற்றுகிறவர்களுக்கு மட்டும் முந்தைய நாள் பட்டியல் வந்தது. ஆறரை மணி ஆனதும் தானே சரியாகிவிடும். நான் பகல் பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. பர்மிய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஆறரை மணி முன்னால், 'இன்று' எது என்பதைச் சர்வர் பொது நேரத்தில் முடிவு செய்துகொண்டிருந்தது. அட்டவணைக் காலத்தில் எல்லா நாளும் ஒன்றாகத் தெரிந்ததால் இது வெளியே வரவில்லை. 'இன்று' என்ற தாவலை முன்னால் கொண்டுவந்த பிறகுதான் ஒளிந்திருந்தது தலைகாட்டியது. இப்போது ஃபோனின் தேதியை வைத்தே முடிவாகிறது.

செலவுக் கணக்கு: ஃபோன் போக, டேட்டா ரீசார்ஜ், கேபிள், ஸ்கேல் எல்லாம் சில்லறைதான். சர்வர் முன்பே இருந்தது. என் நேரத்துக்கு மாமா மதியச் சாப்பாட்டில் ஈடுகட்டினார், அந்தக் கணக்கை இருவரும் எழுதவில்லை.

இன்னொரு முறை செய்தால் வரி உயரத்தில் தொடங்குவேன். திரைக்கு எத்தனை வரிசை என்று தெரியாமல் அட்டை, வட்டம், தள்ளல் என்று போனதில் பாதி வீண். உண்மையான பர்மிய வேலைப் பெயர்களை முதல் நாளிலேயே உள்ளே போடுவேன். நான் 'சோதனை ஒன்று, சோதனை இரண்டு' என்று தமிழில் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன், அதில் எந்தக் குறையும் வெளிப்படாது.

தீராதவை இரண்டு. பேட்டரி சேமிப்பு போட்டிருக்கும் ஃபோன்களில் நினைவூட்டல் மணி அடிப்பதில்லை, அமைப்புக்குள் போய்ச் செயலிக்கு விலக்கு கொடுக்க வேண்டும், அது ஒவ்வொரு ஃபோனிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது. இடது கையால் ஃபோன் பிடிப்பவர் ஒருவர், வட்டம் இடப்பக்கம் வேண்டும் என்கிறார். பக்கம் மாற்றும் பொத்தான் ஒன்று வைக்கலாம், ஆனால் மற்றவர்கள் தெரியாமல் தட்டி மாற்றிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்கள். அவர் கணக்குக்கு மட்டும் சர்வரிலிருந்தே மாற்றிவிடுவதாக இருக்கிறேன். அக்கா புதிய வடிவத்தைப் பார்த்துவிட்டு, "மாசக் கடைசிக்கு எனக்கு அந்தப் பழைய கட்டம்தான் வேணும் தம்பி, கை வச்சிராத" என்றார். அகலம் 900க்கு மேல் போனால் ஐந்து பத்தி அட்டவணையே வரும்படி விட்டிருக்கிறேன்.